தூள் அடித்த பெண்களும் கேமரூன் வண்டும்

வணக்கம் நேயர்களே. அறிவியல் பள்ளியில் படித்த நாட்களைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். ஆஸ்ரமா என்ற விடுதியின் சாப்பாடு, இரவுப் படிப்பு, வார்டனின் விசில் எல்லாம் அங்கே படித்தவர் எவரைக் கேட்டாலும் சொல்வார். நான் ஒரு வண்டைப் பற்றிப் பேசுகிறேன்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் பக்கத்தில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். அப்பா பழக்குலை வெட்டினார். அம்மாவுக்குத் தூள் அடிக்கும் வேலை. செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் வேறு வேறு சமயத்தில். அந்தக் காலத்தில் நம் நாட்டில் தானாகக் காய் சரியாகப் பிடிக்காது. அதனால் ஆண் பூவின் மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து எடுத்துக்கொண்டு, பெண் பூ விரிந்த மரமாகத் தேடிப் போய் ஊத வேண்டும். மட்டை முள் கையைக் கிழிக்கும். எங்கள் லயத்துப் பெண்கள் பலருக்கு அதுதான் பிழைப்பு.

1981-இல் நான் நான்காம் படிவ மாணவி. மகரந்தச் சேர்க்கைப் பாடத்தை மலாய் மொழியில் படித்தோம். ஆசிரியை வெட்டிக் காட்டியது செம்பருத்தி. அதுதான் தேசிய மலர், படம் வரையவும் சுலபம், சரி. ஆனால் ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை!

அதே ஆண்டில் அதே குளுவாங் வட்டாரத்தில்தான் அந்த வண்டை அவிழ்த்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்தது, எள்ளளவுதான் இருக்கும். செம்பனையின் ஆண் பூவில் சோம்பு வாசனை வரும். அதில்தான் வண்டு முட்டையிட்டுப் பெருகும். பெண் பூவும் அதே வாசனையை லேசாக விடும். வண்டு ஏமாந்து அங்கேயும் போகும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டு வரும். சீக்கிரமே தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. காய் நெருக்கமாகப் பிடித்தது, குலை கனத்தது. தூள் அடிக்க ஆள் தேவைப்படவில்லை.

எனக்கு வண்டின் மேல் கோபமில்லை. நல்ல அறிவியல் அது. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் "இனிமேல் தூள் வேலை இல்லை" என்றதோடு முடித்துக்கொண்டார்களே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவை உதிரிப் பழம் பொறுக்க அனுப்பினார்கள். கேமரூனில் இந்த வண்டை ஆராய்ந்த சையது என்ற பூச்சியியல் வல்லுநரின் பெயரை நான் கேள்விப்பட்டதே பல வருடம் கழித்து, பாமாயில் மில்லில்.

ஆமாம், மில்தான். அறிவியல் பள்ளிக்குப் போன பிள்ளை டாக்டராகத்தான் வரும் என்று லயமே காத்திருந்தது. நான் மில் ஆய்வகத்தில் எண்ணெயைச் சோதிக்கப் போனேன். அடிபட்ட பழத்தில் ஒரு நொதி எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கும். பொறுக்கிய பழம் கிடக்கக் கிடக்க அமிலம் ஏறும். கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் நல்ல விலை போகாது. இதை ஒருநாள் அம்மாவிடம் தமிழில் விளக்கினேன். "இதுக்குத்தான் மூட்டையை அன்னைக்கே ஏத்தச் சொல்லி மண்டோர் (கங்காணி) கத்துனானா? காரணத்தைச் சொல்லியிருந்தா நாங்களே ஓடி ஓடிப் பொறுக்கியிருப்போமே" என்றார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைச் செம்பனைக் காட்டுக்குக் கூட்டிப் போகிறேன். அடுத்த முறை வர நினைக்கும் பெற்றோர் தலைமையாசிரியையிடம் பெயர் கொடுங்கள். ஆண் பூ மலர்ந்த மரத்தை மண்டோர் பார்த்து வைப்பார். வெயில் கொஞ்சம் ஏறியதும் போனால் வண்டு நிறைய இருக்கும். பிள்ளைகளுக்குப் பூட்ஸ் கட்டாயம். செம்பனைக் காட்டில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பும் இருக்கும்.