தனி ஆளுக்கு ஒரு கட்டில்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

"எத்தனை பேரும்மா?"

"ஒருத்திதான்."

"சிங்கிளுக்கு ரூம் இல்லைம்மா."

தனியாகப் பயணம் போகிற பலருக்கு இந்த உரையாடல் மனப்பாடம். லாட்ஜ் மேசைக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனாலும் ரூம் இல்லை. குடும்பமாக வந்தால் உண்டு, நாலு நண்பர்களாக வந்தால் உண்டு, தனி ஆளுக்குக் கிடையாது. பள்ளியில் வரலாறு நடத்திய காலத்திலிருந்தே, விடுமுறை கிடைத்தால் தனியாகக் கிளம்பிவிடுகிறவள் நான். பல ஊர்களில் இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். ஆண்களும் கேட்டிருக்கிறார்கள், பெண்கள் இன்னும் அதிகமாகக் கேட்டிருக்கிறோம்.

ஏன் என்று கேட்டால் பலர் வாய் திறக்க மாட்டார்கள். பழகியவர்களிடம் விசாரித்தபோது சொன்னார்கள். தனியாக வருகிறவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மனம் உடைந்து தவறான முடிவு எதையாவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். போலீஸ் விசாரணை வரும், ஊர்ப் பேச்சு வரும், அதற்கு மேல் அந்தக் காலைப் பொழுதைக் கண்ணால் பார்த்த மேலாளரின் மனசும் இருக்கிறது. அந்தப் பயம் பொய்யில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒருவர் மனம் நொந்துதான் வந்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவரை ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் திருப்பி அனுப்பினால் அவர் எங்கே போவார்? அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது பக்கத்தில் நாலு மனிதர்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க ஒரு ஆள். எந்தக் காரணத்துக்காகத் தனி ஆளுக்கு அறை மறுக்கிறோமோ, அதே காரணத்துக்காகத்தான் அவருக்குப் பொது அறையில் ஒரு கட்டில் கொடுக்க வேண்டும் என்கிறேன். இன்றைய பேச்சு முழுக்க இதுதான். நடுவில் வேறு எங்கே போனாலும் இதற்கே திரும்பி வருவேன்.

இப்படிப் பொது அறையில் கட்டில் கொடுக்கிற இடத்துக்குப் பயணிகள் ஹாஸ்டல் என்று பெயர். அது எப்படி இருக்கும்? காலேஜ் ஹாஸ்டலை நினைக்க வேண்டாம். ஒரு பெரிய அறை. அதில் ஆறோ எட்டோ கட்டில்கள், பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை, ஒரு சின்ன விளக்கு, போனுக்கு ஒரு பிளக் பாயிண்ட். பையை வைத்துப் பூட்ட லாக்கர். குளியலறை பொது. எல்லோரும் உட்கார ஒரு கூடம் அல்லது மொட்டை மாடி, சில இடங்களில் சமைத்துக்கொள்ள அடுப்பும் உண்டு. வாடகை அறைக்குக் கிடையாது, கட்டிலுக்கு. ஒரு ராத்திரிக்கு 400, 500 ரூபாயில் முடிந்துவிடும். பெண்களுக்கு மட்டுமான அறையும் தனியாக வைத்திருப்பார்கள்.

"முன்பின் தெரியாதவர்களோடு எப்படித் தூங்குவது?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நாம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் வகுப்பில் ஏறுகிறோம். ஒரு தடுப்புக்கு எட்டுப் பேர். யாரென்று தெரியாது. இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம், பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறோம், எழும்பூரில் எழுந்து இறங்குகிறோம். அந்த நம்பிக்கை நமக்குப் புதிது இல்லை. ஹாஸ்டலில் ரயில் ஓடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இது ஏதோ வெளிநாட்டுப் பழக்கம், பெரிய பையைத் தூக்கிக்கொண்டு திரியும் இளைஞர்களின் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்காக மதுரையைச் சுற்றியிருக்கும் மலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாங்குளம், அழகர்மலை, கொங்கர்புளியங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டி, திருப்பரங்குன்றம். இங்கெல்லாம் இயற்கையான குகைத்தளங்கள் இருக்கின்றன. தரையைப் பார்த்தால் பாறையைச் செதுக்கிச் சமப்படுத்திப் படுக்கை வெட்டியிருக்கிறார்கள். ஒன்று அல்ல, பக்கத்தில் பக்கத்தில், வரிசையாக. தலை வைக்கும் பக்கம் கல்லைக் கொஞ்சம் உயரமாக விட்டிருப்பார்கள், அதுதான் தலையணை. மேலே பாறையின் விளிம்பில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும், மழைநீர் உள்ளே வழிந்து படுக்கை நனையாமல் அந்தப் பக்கமாகவே ஓடிவிடும். சமணத் துறவிகள் ஊர் ஊராக நடப்பவர்கள். மழைக்காலத்தில் மட்டும் ஒரே இடத்தில் தங்குவார்கள். அவர்களுக்காகச் செய்தது இது. 2,000 வருடங்களுக்கு முந்தையது.

இந்தப் படுக்கைகளை யார் செய்து கொடுத்தார்கள் தெரியுமா? அங்கேயே தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாங்குளத்தில் இருப்பதை 1882-ல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, கணிநந்தன் என்ற துறவிக்காக அமைத்தது என்று அதில் இருக்கிறது. அதே மலையில் வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழு கொடுத்த கொடையும் உண்டு. ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமானது கிடாரிப்பட்டிப் பக்கம் இருக்கிற அழகர்மலைக் கல்வெட்டுகள்தான். மதுரைக்காரர்கள் சேர்ந்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு பொற்கொல்லன், ஓர் உப்பு வணிகன், ஒரு வெல்லப்பாகு வணிகன், கொழு விற்கிறவன் ஒருவன், துணி விற்கிறவன் ஒருவன். கொழு என்றால் கலப்பையில் இருக்கும் இரும்பு. யோசித்துப் பாருங்கள். நம் ஊர்க் கடைவீதி ஆட்கள், வெயிலில் நடந்து வருகிற முகம் தெரியாத ஒருவர் படுப்பதற்காகத் தங்கள் காசைக் கொடுத்திருக்கிறார்கள்.

மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த மலைகளுக்குப் போகும்போதெல்லாம் இதைச் சொல்வேன். இது என்ன என்று கேட்டால் "படுக்கை" என்பார்கள். எத்தனை என்றால் எண்ண ஆரம்பிப்பார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் படுக்கைகள், தனித்தனியாக வருகிறவர்கள் சேர்ந்து தங்கும் இடம். இதற்கு இன்று டார்மிட்டரி என்று பெயர். தயவுசெய்து ஒரு வேண்டுகோள், நேயர்களே. அங்கே போனால் பாறையில் உங்கள் பெயரையோ வேறு யார் பெயரையோ கிறுக்காதீர்கள். உப்பு வணிகன் பெயர் அங்கே இருப்பது அவன் கொடுத்ததற்காக.

அதற்கப்புறமும் இந்த வழக்கம் அறுபடவில்லை. மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறதே, அதில் ஒரு பகுதி நடப்பது மதுரையில். சிந்தாதேவி கோயிலின் வாசல் அம்பலத்தில் தங்கி, பகலில் பிச்சையெடுத்த சோற்றை ஊனமுற்றவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தான் உண்டு, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறவன் ஆபுத்திரன். மழை பெய்யும் ஒரு நடுராத்திரியில் வழிநடந்து வந்த சிலர் பசி என்கிறார்கள். கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவிக்கிறான். அப்போதுதான் தேவி அமுதசுரபியைக் கொடுக்கிறாள். அந்தப் பாத்திரம் கிடைத்த இடமே ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து படுக்கும் ஒரு பொது இடம்.

பிறகு ராணி மங்கம்மாள். 1689 முதல் 1706 வரை ஆண்டவர். சாலை போட்டார், மரம் வைத்தார், சத்திரம் கட்டினார். ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். ரயிலைப் பார்க்காத ராணி கட்டியதற்கு எதிரே ரயில் வந்து நின்றது.

வெளிநாட்டுக் கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்று ஒரு பள்ளி ஆசிரியர். 1909-ல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது பெருமழையில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் படுத்தார்கள். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிகளில் நடந்து வருகிறவர்கள் தங்கலாமே என்று அந்த ராத்திரியில் தோன்றியது அவருக்கு. 1912-ல் ஆல்டெனா என்ற ஊரின் கோட்டையில் விடுதி திறந்தார்கள். இளைஞர் விடுதி இயக்கம் அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. ஆசிரியர் ஒருவர் தொடங்கிய காரியம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மதுரைக்குத் தனியாக வருகிறவர் என்றதும் சுற்றுலாப் பயணியை மட்டும் நினைக்கிறோம். கோபுரத்தைப் படம் பிடித்துவிட்டு, ஜிகர்தண்டா குடித்துவிட்டு, மறுநாள் ராமேஸ்வரம் போகிறவர். அவரும் வருகிறார், வரட்டும். ஆனால் உலகனேரிக்குப் போய்ப் பாருங்கள். 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை வந்ததிலிருந்து, கன்னியாகுமரியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் ஒரு வழக்குக்காக ஒற்றை ஆளாக வருகிறார்கள். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் பத்திரங்கள். நாளைக்கு வாங்க என்று வக்கீல் சொல்லிவிட்டால், அவர் அந்த ராத்திரியை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் கழிக்கிறார். அரசு ராஜாஜி மருத்துவமனையில் உள்ளே கணவர், வெளியே நடைபாதையில் துண்டை விரித்து மனைவி. தேர்வு எழுத முந்தின நாளே வந்துவிடுகிற பெண் பிள்ளைகள், கூடவே துணைக்கு ஒரு அப்பா. துணைக்கு வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. ரயில் நிலையத்தில் ரிடையரிங் ரூம் உண்டு, நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்கு ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் வேண்டும். பஸ்ஸில் வந்தவர் என்ன செய்வார்? இவர்களும் தனிப் பயணிகள்தான். இவர்களுக்கும்தான் சுத்தமான ஒரு கட்டிலும், பூட்டுகிற ஒரு பெட்டியும், பேச ஒரு முகமும் வேண்டும்.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒன்றில், பழைய வீடு ஒன்றைச் சீராக்கி இப்படி ஒரு ஹாஸ்டல் நடத்துகிறார்கள். சமணர் மலைகளைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிடுவார்கள், போவேன். மாலையில் மொட்டை மாடியில் பாய் விரித்திருக்கும். ஒருநாள் புனேயிலிருந்து வந்த ஒரு பெண், கேரளத்துப் பையன் ஒருவன், நாகர்கோவிலிலிருந்து கோர்ட் வேலையாக வந்த பெரியவர் ஒருவர். பெரியவர் முதலில் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தார். வரவேற்பில் இருக்கிற தம்பி, "ஐயா, நீங்க சாப்பிட்டாச்சா? நாங்க கறிதோசை சாப்பிடப் போறோம், வாங்க" என்றான். பெரியவர் சைவமாம். அப்புறம் எல்லோரும் பருத்திப்பாலுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது அந்தப் புனே பெண்ணுக்கு அவர் தன் நிலத்தகராறு முழுவதையும் சொல்லிக்கொண்டு வருகிறார், பாதி தமிழ், பாதி கைஜாடை. அவளும் கேட்டுக்கொண்டே வருகிறாள்.

இதைத்தான் சொல்ல வந்தேன். கட்டில், திரை, லாக்கர் எல்லாம் காசு போட்டால் வந்துவிடும். அந்தத் தம்பியின் ஒரு வார்த்தைதான் அந்த இடத்தை நடத்துகிறது. சில இடங்களில் கட்டில் புத்தம் புதிதாக இருக்கும், சுவர் முழுக்க ஓவியம் இருக்கும், வரவேற்பில் ஆளே இருக்காது, கதவுக்கு ஒரு ரகசிய எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பிவிடுவார்கள். தனி ஆள் அங்கேயும் தனி ஆள்தான். அப்படி நடத்துவதாக இருந்தால் லாட்ஜ்காரரின் பயம் நியாயம் என்பேன். இப்படி ஒரு விடுதி தொடங்க நினைக்கிற மதுரைக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், முதல் செலவை ஓவியத்துக்குச் செய்யாதீர்கள். ராத்திரி முழுக்க விழித்திருக்கிற, மனிதர்களைப் பிடிக்கிற ஒருவருக்கு நல்ல சம்பளம் கொடுங்கள். தூங்கா நகரத்தில் அப்படி ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. ஒருவர் சாப்பிட வராமல் படுத்தே இருந்தால் கவனிக்கிறவர் அவராக இருக்க வேண்டும்.

தனியாகப் போகிற பெண்களுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்கி வைத்திருந்தேன். நிலையத்தார் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். வேகமாகச் சொல்கிறேன். பெண்கள் அறை உண்டா, இரவு முழுக்க வரவேற்பில் ஆள் உண்டா, இந்த இரண்டையும் போனில் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். பதில் சொல்கிற குரலிலேயே பாதி தெரிந்துவிடும். பூட்டு ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. முடிந்தவரை வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். ஆதார் கேட்டால் முதல் எட்டு எண்களை மறைத்த நகலே போதும். இடம் சரியில்லை என்று தோன்றினால் கொடுத்த காசைப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். கீழ்க் கட்டில் வேண்டுமென்றால் முதலிலேயே கேளுங்கள், முட்டி வலிக்காரர்கள் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் போனை ஸ்பீக்கரில் போடாதீர்கள், அறையில் எல்லோருக்கும் காலையில் பஸ் இருக்கும்.

விடியற்காலை கிளம்புகிறவர்கள் பையை முந்தின ராத்திரியே கட்டி வைத்துவிடுங்கள், பிளாஸ்டிக் கவர் சத்தம்தான் டார்மிட்டரியில் பெரிய தொந்தரவு. இன்னும் இருக்கிறது, நேரம் ஆகிவிட்டது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.