பாட்டைத் தாங்குவது பிரெசிஷன் பேஸே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் இசைத் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

"குழுவோடு சேர்ந்து வாசிக்கும் பேஸ் கிட்டார் கலைஞருக்குப் பெரிதும் கைகொடுப்பது பிரெசிஷன் பேஸா, ஜாஸ் பேஸா?" இதுதான் தலைப்பு. இரண்டுமே ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ் கிட்டார் வகைகள். எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். ஜாஸ் பேஸின் அழகையெல்லாம் அடுக்கினார். ஆனால் தலைப்பிலேயே இருக்கிற "குழுவோடு சேர்ந்து" என்ற சொற்களை அவர் தொடவே இல்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குகிறேன், ஐயா.

அவருடைய வாதம் என்ன? தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்கப் ஜாஸ் பேஸில் இரண்டு, பிரெசிஷனில் ஒன்று. ஒலியைச் சரிசெய்யும் குமிழ் அதில் மூன்று, இதில் இரண்டு. ஆகவே அதில் ஒலிவகைகள் அதிகம், ஆகவே அதுவே சிறந்தது! எண்ணிக்கை சரி, மறுக்கவில்லை. ஆனால் பேஸ் கிட்டாரின் வேலை விதவிதமாக ஒலிப்பதா, பாட்டைத் தாங்குவதா? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். அச்சாணிக்கு யாராவது நகாசு வேலை பார்ப்பார்களா? அது கழன்றுவிடாமல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

நான் ஜாஸ் பேஸை அறியாமல் பேசவில்லை. ஆறு ஆண்டுகள் அதைத்தான் வாசித்தேன். அறையில் தனியாக உட்கார்ந்து, இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்து வாசித்தால், கீழே ஆழம், மேலே கண்ணாடித் துண்டு போன்ற பளபளப்பு. நாள் முழுக்கக் கேட்கலாம். அதே கிட்டாரோடு மேடை ஏறினேன். இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, டிரம்ஸ். என் ஒலியைக் காணோம்! ஆம்ப்ளிஃபையரைக் கூட்டினேன். தரைதான் அதிர்ந்தது, என்ன சுரம் வாசிக்கிறேன் என்பது யாருக்கும் கேட்கவில்லை. ஒரு நாள் ஒத்திகைக்கு நண்பர் ஒருவர் தன் பிரெசிஷனைக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபையரில் எதையும் மாற்றவில்லை. முதல் நான்கு தாளத்துக்குள் டிரம்ஸ் வாசிப்பவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அத்தனை நாளும் அவர் என்னைக் கேட்காமலேதான் வாசித்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஏன் அப்படி ஆனது? காரணத்தைச் சொல்லாமல் நகர மாட்டேன். தந்தி அதிரும்போது ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்பும் அதை இரண்டு இடங்களில் நின்று கேட்கின்றன. சில அதிர்வெண்களில், ஓரிடத்தில் தந்தி மேலே போகும்போது மற்றோரிடத்தில் கீழே போகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அப்படி அழிவதில் பெரும்பங்கு நடுத்தர ஒலிப்பகுதியில்! தனியாகக் கேட்கையில் "ஆகா, எவ்வளவு தெளிவு" என்று தோன்றுகிறதே, அது நடுப்பகுதி குழிந்துபோனதால் வந்த தெளிவு.

போனால் போகட்டும் என்று விடக்கூடிய பகுதியா அது? பேஸின் தடித்த தந்தியை இடக்கை விரலால் அழுத்தாமல் மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கர் எதுவும் அதை ஒழுங்காக ஒலிக்காது. அப்படியிருந்தும் கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறவருக்குப் பேஸ் நகர்வது எப்படித் தெரிகிறது? அடிப்படைக்கு மேலே, அந்த நடுப்பகுதி வரை எழும் துணையொலிகளை வைத்துக் காது சுரத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. அந்த முகவரியை அழித்துவிட்டுக் கடிதம் போட்டால் எங்கே போய்ச் சேரும், நடுவர் அவர்களே?

"அப்படியானால் ஒரு பிக்கப்பைக் குறைத்துக்கொள்" என்கிறார் எதிரணித் தோழர். செய்து பார்த்தவன் சொல்கிறேன். குறைத்ததும் நடுப்பகுதி திரும்புகிறது. கூடவே "ம்ம்ம்" என்று மின் இரைச்சலும் வருகிறது. ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்பும் சம அளவில் ஒலிக்கும்போதுதான் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று முழுதாக அடக்கும். பிரெசிஷனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. 1957-இல் அதன் பிக்கப்பை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சற்று முன்னும் மறு பாதியைச் சற்றுப் பின்னும் வைத்தார்கள். இரு பாதிகளின் காந்த முனைகளும் கம்பிச் சுற்றுத் திசைகளும் ஒன்றுக்கொன்று எதிர். எந்தக் குமிழை எங்கே திருப்பினாலும் இரைச்சல் அடங்கியே இருக்கும். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக அந்த அமைப்பு மாறவில்லை. இதைவிடச் சான்று வேண்டுமா?

பெயரைப் பாருங்கள். 1951-இல் லியோ ஃபெண்டர் இதைக் கொண்டுவந்தபோது பேஸ் என்றால் ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ். தூக்குவதும் சிரமம், பெரிய குழுவில் கேட்பதும் சிரமம், கழுத்தின் குறுக்கே பதிக்கும் ஃபிரெட் கம்பிகள் இல்லாததால் சுரத்தைத் துல்லியமாகப் பிடிப்பதும் சிரமம். ஃபிரெட் வைத்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது. அதனால்தான் பிரெசிஷன் என்று பெயர். குழுவுக்குள் கேட்கவேண்டும், சுரம் தவறக்கூடாது என்ற தேவையிலிருந்தே பிறந்த கருவி இது. ஜாஸ் பேஸ் 1960-இல் வந்த தம்பி. தம்பி அழகன், ஒப்புக்கொள்கிறேன்.

எதிரணியினர் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பெயரைச் சொன்னார்கள். ஃபிரெட் இல்லாத 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில், பின்பக்கப் பிக்கப்பை நம்பி, அவர் பாடவைத்த ஒலியை நான் கைகூப்பிக் கேட்கிறவன். இன்னொரு பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் தம் 1977 ஜாஸ் பேஸில் கட்டைவிரலால் தட்டி எழுப்பும் ஒலிக்கும் இணையில்லை. அந்த வாசிப்புக்கு ஜாஸ் பேஸ்தான் பொருத்தம் என்று இந்த மேடையிலேயே விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் கவனியுங்கள்: இவர்கள் இருவரும் பேஸை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்கள். அவர்களுக்காக மற்றவர்கள் இடம்விட்டு வாசித்தார்கள். உங்களுக்கும் எனக்கும் பக்கத்தில் நிற்கும் கிட்டார்காரர் இடம்விடுவாரா?

இப்போது ஜேம்ஸ் ஜேமர்சனைக் கேளுங்கள். 1960-களில் அமெரிக்காவின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ரெக்கார்டிங்குகளில் பித்தளை வாத்தியங்கள், வயலின்கள், கோரஸ் குரல்கள், தாளக் கருவிகள் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். அத்தனைக்கும் நடுவே அவருடைய ஒரு பிரெசிஷன் பேஸ் வழி தவறாமல் நடந்துபோகும். வலக்கையில் ஒரே ஒரு ஆட்காட்டி விரல். வழுவழுப்பான ஃபிளாட்வவுண்ட் தந்தி. அவ்வளவுதான்! விரலை எங்கே வைத்தார், எவ்வளவு அழுத்தினார், எப்போது விட்டார் என்பதில்தான் அவருடைய வகைவகையான ஒலி இருந்தது. எதிரணியினர் குமிழில் தேடுவதை அவர் விரலில் வைத்திருந்தார்.

அது பழைய காலம், மென்மையான இசை என்பார்கள். சரி, அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ்? குதிரைப் பாய்ச்சல் வேகம், சுற்றிலும் உறுமும் கிட்டார்கள். அவர் கையிலும் பிரெசிஷன்தான். அதிலும் ஃபிளாட்வவுண்ட் தந்திதான். ஒரு சுரமாவது தொலைந்துபோகிறதா?

கழுத்து அகலம் பற்றி ஒரே வரி. ஜாஸ் பேஸின் மெல்லிய கழுத்து சின்னக் கைக்கு இதம், உண்மை. ஆனால் அதே ஒன்றரை அங்குல அகலக் கழுத்தோடு பிரெசிஷனும் 1960-களிலேயே கிடைத்தது. இன்றும் மெலிந்த கழுத்துள்ள பிரெசிஷன்கள் வருகின்றன. கழுத்துக்காக ஒலியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

நடுவர் அவர்களே, என் வாதத்தைக் காதால் சோதித்துப் பாருங்கள். ஒரு திரையைக் கட்டுங்கள். திரைக்குப் பின்னால் முழுக் குழு இருக்கட்டும். ஒரே பாட்டை, ஒரே ஆம்ப்ளிஃபையரில், இரண்டு கருவியிலும் வாசிக்கிறேன். எதில் பேஸ் நகர்வதை உங்களால் கூடவே முணுமுணுக்க முடிகிறதோ அதற்குத் தீர்ப்பு எழுதுங்கள். எதிரணித் தலைவர் தனி அறையை விட்டு இந்தச் சோதனைக்கு வரத் தயாரா என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.