ஆரஞ்சு மிட்டாயில் 102

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில், தேக்கா பக்கத்தில் இருபது வருடம் மளிகைக் கடை நடத்தியவள் நான். சட்டம் படித்தவள் இல்லை. மிட்டாய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்கத் தெரியும். அதையும் ஒரு வாடிக்கையாளர்தான் கற்றுக்கொடுத்தார்.

தீபாவளி நேரம். சுளை சுளையாக, மேலே சர்க்கரை தூவிய ஆரஞ்சு மிட்டாய் இந்தியாவிலிருந்து வந்திருந்தது. ஒரு அம்மா, மகனைக் கையில் பிடித்தபடி, “அக்கா, இதில் 102 இருக்கா?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டார்ட்ராஸின் என்ற மஞ்சள் நிறமியின் எண்ணாம். சாப்பிட்டால் பையனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடுமாம். பாக்கெட்டைத் திருப்பினேன். ‘அனுமதிக்கப்பட்ட நிறமி’ என்று மட்டும் போட்டிருந்தது. எந்த நிறமி, யார் அனுமதித்தது, ஒன்றும் இல்லை.

நம் ஊர் உணவு விதிகளின்படி, டார்ட்ராஸின் சேர்த்தால் அதன் பெயரையோ எண்ணையோ போட்டே ஆக வேண்டும். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, தயாரான நாடு எல்லாம் வேண்டும். சரி என்று அன்றைக்கே அந்தப் பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். பண்டிகை வியாபாரம் போனதே என்று வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

நிறமியாவது பரவாயில்லை. 2021-ல் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஜின்செங் என்ற மூலிகை வேரின் பெயரில் வந்த ஒரு மிட்டாயைப் பற்றி எச்சரித்தது. இணையத்தில் விற்ற சரக்கு. சோதித்துப் பார்த்தால் உள்ளே டாடாலஃபில்! ஆண்மைக் குறைவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்து அது. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் தெரியாமல் அதை வாயில் போட்டால், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போதைய சட்டப்படி, இப்படிப்பட்ட கலப்பட உணவை விற்றால் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். மறுபடி சிக்கினால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். எனக்கும் குறைவாகத்தான் படுகிறது. ஆனால் இதுகூட இல்லாத காலமும் இருந்தது. 1858, இங்கிலாந்தின் பிராட்ஃபர்டு. சர்க்கரை விலை அதிகம் என்று மிட்டாயில் ஜிப்சம் தூள் கலப்பது அங்கே சகஜம். ஒரு நாள் மருந்துக் கடைப் பையன் தூளுக்குப் பதில் ஆர்சனிக்கை அள்ளிக் கொடுத்துவிட்டான். சந்தையில் அந்த மிட்டாயை வாங்கித் தின்றவர்களில் சுமார் 20 பேர் செத்தார்கள். 200 பேருக்கு மேல் படுக்கையில் விழுந்தார்கள். மூன்று பேர் மேல் வழக்குப் போட்டும் ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஆர்சனிக் வந்தது கைப்பிசகு. தூள் கலந்ததோ அன்றைக்குக் குற்றமே இல்லை. 1860-ல்தான் அங்கே கலப்படத் தடைச் சட்டம் வந்தது.

அந்த அம்மா அடுத்த வாரமும் வந்தார். அதற்குள் மொத்த வியாபாரியைத் துளைத்தெடுத்து நிறமி எண்களை வாங்கி வைத்திருந்தேன். 102, 110. தாளைக் காட்டினேன். “அப்போ வேண்டாம் அக்கா” என்று சொல்லிவிட்டு, கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.