கிருமியே அண்டாத மீன்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மீனைக் கிருமியே அண்டாமல் வளர்த்தால் நோய்நொடி இல்லாமல் திடமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அப்படி வளர்த்தும் பார்த்துவிட்டார்கள்.

அதற்கு வாகாக அமைந்தது வரிக்குதிரை மீன் என்கிற விரல் நீளம்கூட இல்லாத மீன். முட்டையின் மேலுறையில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களை நீக்கி, தூய்மையாக்கிய நீரில் பொரிக்க விடுவார்கள். குஞ்சின் உடல் கண்ணாடி மாதிரி. குடலுக்குள் நடப்பதை உயிரோடு பார்க்கலாம். 2004-இல் வெளிவந்த ஆய்வும் அதைத் தொடர்ந்தவையும் காட்டியது இதுதான்: அந்தக் குஞ்சுகளின் குடல் முழுதாக முதிரவே இல்லை. சளி சுரக்கும் செல்கள் குறைவு. காவலுக்கு வரவேண்டிய நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்களும் குறைவு.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நொதியின் கதை. சில பாக்டீரியாக்களின் மேலுறையில் ஒரு நச்சு உண்டு. அதை முடக்கும் நொதி கிருமியில்லாத குஞ்சின் குடலில் மிகக் குறைவு. அந்த நச்சை மட்டும் நீரில் கலந்தாலே போதும், நொதி சுரந்துவிடுகிறது. முறிவைச் சுரக்கச் சொல்வதே நஞ்சுதான்!

மீனுக்கு நம்மைப்போல் நிணநீர் முடிச்சுகள் கிடையாது. குடலைக் காக்கும் நம் ஐஜிஏ எதிர்ப்புரதமும் (கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம்) கிடையாது. பல மீன்களில் அந்த வேலையைச் செய்வது ஐஜிடி என்கிற இன்னொரு எதிர்ப்புரதம். 2005-இல்தான் அது இருப்பதே தெரிந்தது. அது குடல் பாக்டீரியாக்களின் மேல் படிகிறது என்பது 2010-இல் வானவில் டிரவுட் மீனில் தெரியவந்தது. பின்னர் டிரவுட்டில் ஐஜிடியைத் தற்காலிகமாக அகற்றிப் பார்த்தபோது செவுளில் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்தன, தொல்லை தருபவை பெருகின, திசுவில் அழற்சி வந்தது. ஐஜிடி திரும்பியதும் எல்லாம் சீரானது. ஆக, பாக்டீரியா மீனைப் பழக்குகிறது. மீனும் பாக்டீரியாவை மேய்க்கிறது.

"அப்படியென்றால் தீவனத்தில் புரோபயாடிக், அதாவது நன்மை தரும் நுண்ணுயிர்கள், கலந்தால் சரியாகிவிடுமா?" என்று மீன் வளர்ப்போர் கேட்பார்கள். சில வகைகள் உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் கலப்பதை நிறுத்தினால் அவற்றில் பல குடலில் தங்குவதில்லை. வளர்ந்த மீனில் ஏற்கெனவே குடியேறியவை இடத்தை விடுமா என்ன? எதிர்ப்புரதம் உருவாகச் சில வாரங்கள் ஆகும் குஞ்சின் நிலையே வேறு. அதனால் என்னைக் கூப்பிட்டால் தீவனப் பையை அப்புறம்தான் பார்ப்பேன். குஞ்சு முதன்முதலில் வாய் திறக்கும் நாளில், அதன் குடலுக்குப் பாக்டீரியாக்களைக் கொண்டுபோகும் தொட்டித் தண்ணீர் எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்பேன்.