தலையாட்டிட்டுப் போங்கோ

எல்லாருக்கும் வணக்கம். வானொலி நிலையத்தில இருந்து கூப்பிட்டு உங்களுக்குப் பிடிச்ச விஷயம் ஒண்டைக் கதையுங்கோ எண்டு கேட்டிச்சினம், நான் றோட்டைப் பற்றித்தான் கதைப்பன் எண்டு சொன்னன். மோட்டச்சைக்கிள்ல போற ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் கண்டா தலையாட்டுறது, ஹோன் அடிக்கிறது, ஒருத்தர் நிண்டா மற்றவரும் நிக்கிறது, இதுகளைப் பற்றித்தான். வன்னியில வயலுக்குப் போறதும் மோட்டச்சைக்கிள்லதான், உரப்பை ஏத்துறதும் அதிலதான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விடுறதும், ராவில காய்ச்சல்காரரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுறதும் அதிலதான். அப்ப றோட்டில நாங்கள் எப்பிடிப் பழகுறம் எண்டது எங்களுக்குப் பெரிய விஷயம்.

மாங்குளத்தில இருந்து மல்லாவி துணுக்காய்ப் பக்கம் போற றோட்டில, இல்லாட்டி ஒட்டுசுட்டானால நெடுங்கேணிக்குப் போற வழியில காலமை வெள்ளனப் போய்ப் பாருங்கோ. எதிர்ல வாறவர் சீற்றுக்குப் பின்னால மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார், ஆள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் உங்களைத் தெரியாது, ஆனா நாடி ஒருக்கா மேல எழும்பும். அவ்வளவுதான். தெரிஞ்ச ஆளெண்டா சின்னதா ஒரு ஹோன், கனக்கத் தெரிஞ்ச ஆளெண்டா வேகத்தைக் குறைச்சு "தூரமோ?" எண்டு ஒரு சத்தம், அதுக்குப் பதிலும் ஒழுங்கா வராது, "ஓம் ஓம்" எண்டுட்டுப் போயிடுவினம். வயசான ஆளெண்டா நாங்கள்தான் முதல்ல தலையாட்டோணும், அவர் ஆட்டட்டும் எண்டு பாத்துக்கொண்டு போறது சரியில்லை. சைக்கிள் காலத்தில வாத்தியாரைக் கண்டா இறங்கி நிண்டு அவர் போன பிறகுதான் ஏறுவினம், மோட்டச்சைக்கிள்ல அப்பிடி இறங்க ஏலாது, ஆனா வேகத்தைக் குறைக்கலாம்தானே.

இதில கைக்கு ஒரு கணக்கு இருக்கு, புதுசா ஓடுற பெடியள் கேளுங்கோ. வலக்கையில அக்சிலேற்றரும் முன் பிறேக்கும், அதை எடுக்கவே கூடாது. இடக்கையில கிளச், ஓடிக்கொண்டிருக்கேக்க அதை ஒரு கணம் எடுக்கலாம், ஆனா ஸ்கூட்டி, டியோ மாதிரிச் சாமானுகளில இடக்கையிலயும் பிறேக்தான் இருக்கு, அப்ப அதையும் எடுக்கக் கூடாது. அதோட நாங்கள் றோட்டின்ர இடப்பக்கத்தால ஓடுற ஆக்கள், எதிர்ல வாறவர் எங்களுக்கு வலப்பக்கமா வருவார், இடக்கையைப் பதிச்சுக் காட்டினா எங்கட உடம்பே மறைச்சிடும். அதாலதான் தலையாட்டுறது எங்களுக்கு நல்லாப் பொருந்துது. இங்கிலாந்திலயும் இடப்பக்கத்தால ஓடுறவைதான், அங்கயும் பெரும்பாலும் தலைதான் ஆட்டுவினம். அமெரிக்காவில வலப்பக்கத்தால ஓடுறதால எதிர்ல வாறவர் இடப்பக்கமா வருவார், அவை இடக்கையைக் கீழ நீட்டி ரெண்டு விரலைக் காட்டிட்டுப் போவினம். பிரான்சில கார்க்காரர் வழி விட்டா, வலக்கை எடுக்க ஏலாத படியா வலக்காலை வெளிய நீட்டி நன்றி சொல்லுவினம். பிரான்சில இருக்கிற எங்கட சொந்தக்காரர் ஊருக்கு வந்து நிக்கேக்கயும் அப்பிடிக் காலை நீட்டினா ஆரும் கோவிக்காதையுங்கோ, அது அவையின்ர மரியாதை.

சரி, இப்ப இந்தத் தலையாட்டுறது ஏன் குறைஞ்சு போச்சு? மனுசர் மாறிப் போச்சினம் எண்டு கனபேர் சொல்லுறவை, நான் அதை ஒத்துக்கொள்ளுறேல்லை. றோட்டு மாறிப் போச்சு. சண்டையால பூட்டிக் கிடந்த ஏ9, அதுதான் கண்டியில இருந்து யாழ்ப்பாணம் போற றோட்டு, 2002ல திறந்த நேரம் கிடங்கும் பள்ளமும், கரையில மிதிவெடி எண்டு மண்டையோடு கீறின பலகை, தாரை விட்டுக் கால் கீழ வைக்கப் பயம். எல்லாரும் மெதுவாத்தான் போகோணும், எதிர்ல வாறவரின்ர முகத்தை வடிவாப் பாத்துக்கொண்டுதான் போவம், புழுதி அடங்கும் வரைக்கும் ஒருத்தர் ஒதுங்கி நிண்டு மற்றவரை விடுவார். பேந்து 2006 ஆவணியில பூட்டுப்பட்டுது, 2009ல சண்டை முடிஞ்ச பிறகு திறந்து, காப்பெற் போட்டு, இப்ப கண்ணாடி மாதிரிக் கிடக்குது. நீங்கள் 60ல வாறியள், எதிர்ல வாறவரும் 60 எண்டா ஒரு செக்கனுக்கு 33 மீற்றர் தூரம் குறையுது, நூறு மீற்றரில ஆளைக் கண்டா மூண்டு செக்கன்தான், அதுக்குள்ள ஹெல்மெற், கறுத்தக் கண்ணாடி, ஆரெண்டு கண்டுபிடிச்சுத் தலையாட்ட எங்க நேரம்? அதால நான் ஏ9ல தலையாட்டேல்லை எண்டு ஆரையும் குறை சொல்ல மாட்டன். ஆனா உள் றோட்டுகளில, குளக்கட்டில, கிரவல் றோட்டில, 30ல போறவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனா அது எனக்குக் கவலைதான்.

ஏனெண்டா தலையாட்டுறதில வேறொரு வேலையும் இருக்கு. நான் உன்னைக் கண்டிட்டன், நீ என்னைக் கண்டிட்டாய் எண்டு ரெண்டு பேருக்கும் விளங்கிடும். றோட்டில நடக்கிற கன விபத்துகளில காரணம் கேட்டா "நான் காணேல்லை" எண்டுதான் சொல்லுவினம். சந்தியில ஒழுங்கையால இறங்கி வாறவர் உங்களைப் பாத்துத் தலையாட்டினா நீங்கள் நிம்மதியாப் போகலாம், ஆட்டாட்டி பிறேக்கில கால் வையுங்கோ, நான் அப்பிடித்தான் ஓடுறனான்.

எங்கட ஆக்களிட்ட இன்னொரு நல்ல பழக்கம், ஆரெண்டு தெரியாட்டியும் கூப்பிட்டுச் சொல்லுறது. சைட் ஸ்ராண்டைத் தட்டாமல் போனா நாலு பேர் "அண்ணை ஸ்ராண்ட், ஸ்ராண்ட்" எண்டு கத்துவினம், ரீக்கடையில இருக்கிறவரும் எழும்பி நிண்டு காலைக் காட்டுவார். பின்னால இருக்கிற அக்காவின்ர சீலைத் தலைப்பு, தங்கச்சியவையின்ர சோல், சில்லுப் பக்கம் பறந்தா உடன சொல்லோணும், ஆனா எப்பிடிச் சொல்லுறது எண்டதில கவனம் வேணும். கிட்டப் போய்த் திடீரெண்டு கத்தினா ஓடுறவர் திரும்பிப் பாப்பார், ஹாண்டிலும் திரும்பும். கொஞ்சம் தள்ளி, ஓடுறவற்ர கண்ணில படுற மாதிரிப் பக்கத்தில வந்து, சின்னதா ஹோன் அடிச்சு, "சீலை" எண்டு ஒரு சொல்லு. அவை கரையில நிப்பாட்டும் வரைக்கும் பின்னாலயே வந்தா இன்னும் நல்லம், வேற வாகனம் வந்து முட்டாது. பகல்ல லைற் எரிஞ்சா விரலை விரிச்சு மூடிக் காட்டுவம், ஆனா இப்ப வாற சில பைக்குகளில லைற்றை நூக்கவே ஏலாது, எப்பவும் எரிஞ்சபடிதான், அவருக்குக் கனபேர் காட்டிக் காட்டி அலுத்துப் போயிருக்கும், இருந்தாலும் ஒரு சிரிப்பைத் திருப்பிக் குடுங்கோ, காட்டினவர் நல்லதுக்குத்தான் காட்டினவர்.

யானை நிண்டா சொல்லுறதும் அப்பிடித்தான். ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கத்து ஆக்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. லைற்றை மட்டும் அடிச்சிட்டுப் போறது காணாது, லைற் அடிச்சா ஒருத்தர் பொலிஸ் எண்டு நினைப்பார், இன்னொருத்தர் வழி விடச் சொல்லுறான் எண்டு நினைப்பார். உள்ளங்கையைக் கீழ பாக்க வச்சு மெதுவா எண்டு காட்டி, ஏலுமெண்டா நிண்டு, எந்த இடத்தில, எத்தினை நிக்குது, குட்டி இருக்கோ எண்டு சொல்லிட்டுப் போங்கோ. ராவில றோட்டில மாடு படுத்திருந்தாலும் சொல்லுங்கோ, தாரில சூடு இருக்கும் எண்டு அதுகள் வந்து படுக்கிறது, கறுத்த மாடு கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது. பொலிஸ் நிக்குது எண்டு லைற் அடிச்சுக் காட்டுறதை மட்டும் நான் நட்பு எண்டு சொல்ல மாட்டன், குடிச்சிட்டு வாற ஒருத்தரையும் அது தப்ப வைக்கும்.

இனி நிக்கிற விஷயம். தலையாட்டுறது ஒரு கணம், நிக்கிறதுக்குத்தான் மனம் வேணும். 1990க்குப் பிறகு சண்டைக்குள்ள, எங்கட பக்கத்துக்குப் பெற்றோல் விடாமல் பொருளாதாரத் தடை இருந்த காலத்தை அனுபவிச்ச ஆக்கள் இப்ப கேட்டுக்கொண்டிருப்பியள். பெற்றோல் எண்டது மருந்து மாதிரி, சின்னப் போத்தலுக்குள்ள கொஞ்சம் வச்சிருந்து காபரேட்டருக்குள்ள நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, பேந்து மண்ணெண்ணெயில ஓடுறது. எம்டி நைன்ரி, சாளி எண்ட அந்தக் காலத்துப் பைக்குகள் எல்லாம் வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் மணமுமாத்தான் போகும். பிளக்கில கரி பிடிச்சு நடு றோட்டில நிண்டிடும். அப்ப போறவர் வாறவர் எல்லாரும் நிப்பினம், ஒருத்தரிட்ட பிளக் ஸ்பானர் இருக்கும், மற்றவரிட்ட சாண்ட்பேப்பர் துண்டு இருக்கும், இன்னொருத்தர் தன்ர போத்தலில இருந்து ரெண்டு சொட்டு விடுவார், அந்த ரெண்டு சொட்டு அவருக்கே காணாது. அண்டைக்கு அப்பிடி நிண்டவை ஆரும் பேர் கேட்டதில்லை.

அதை நான் திரும்பக் கண்டது 2022ல. பெற்றோல் தட்டுப்பாட்டில, கியூஆர் கோட்டைக் காட்டிப் பெற்றோல் அடிக்கிற முறை வந்த புதுசில மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்ட நேரம், மல்லாவிப் பக்கத்தில பொழுதுபடுகுது, ஒரு ஐயா டிஸ்கவர் பைக் ஒண்டைத் தள்ளிக்கொண்டு வாறார், சேட்டெல்லாம் தெப்பமா நனைஞ்சு போச்சு. சீற்றீ ஹண்ட்ரட் பைக்கில வந்த பெடியன் ஒருத்தன் கேக்காமலே நிப்பாட்டினான். ராங்கிக்குக் கீழ குனிஞ்சு கிளிப்பைத் தள்ளிப் பெற்றோல் குழாயை இழுத்து, தண்ணிப் போத்தலைப் பிடிச்சு, ரிசேவுக்குத் திருப்பினான், நூல் மாதிரித்தான் வந்துது, அரைப் போத்தல் நிரம்ப எவ்வளவு நேரம் எடுத்திருக்கும், அவன் குந்திக்கொண்டே இருந்தான். இன்னொரு போத்தலின்ர கழுத்தை வெட்டிப் புனலாக்கி ஐயாவின்ர ராங்கிக்குள்ள ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊத்தினான். ஐயா சேட்டுப் பைக்குள்ள கையை விட, "விடுங்கோ ஐயா, நாளைக்கு நானும் இப்பிடி நிப்பன்" எண்டுட்டுக் குழாயைத் திருப்பிக் கொழுவினான். கிழமைக்கு 4 லீற்றரில அரை லீற்றர் எண்டா அது எவ்வளவு எண்டு அந்த நேரம் லைனில நிண்ட ஆக்களுக்கு விளங்கும்.

இப்பத்தைய புதுப் பைக்குகளில கன பைக்குக்கு அந்தக் குழாயும் திருப்பியும் இல்லை, பம்ப் ராங்கிக்குள்ளயே இருக்குது, வழியில எடுத்துக் குடுக்கேலாது. அப்ப செய்யக் கூடியது, ஆளை ஏத்திக்கொண்டு போய்ப் பெற்றோல் செட்டில விட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுறது. இல்லாட்டி காலால தள்ளுறது, பின்னால வாறவர் தன்ர காலை மற்றப் பைக்கின்ர பின் ஃபுட்ரெஸ்ற்றில குடுத்துத் தள்ளிக்கொண்டு போவார், எங்கட ஆக்கள் அதில விண்ணர்கள். உள் றோட்டில 20ல போறதெண்டா பரவாயில்லை, ஏ9ல மட்டும் தயவுசெய்து செய்யாதையுங்கோ, பஸ் முந்தி வரேக்க ரெண்டு பேரும் ஒதுங்க ஏலாது.

வழியில கை காட்டுற ஆக்களை ஏத்துறதும் இதோட சேர்ந்ததுதான். பஸ் ஒழுங்கா ஓடாத றோட்டுகள் இன்னும் இருக்குது, பள்ளிக்கூடப் பிள்ளையள் நிப்பினம், கிளினிக்குக்குப் போற அம்மாமார் நிப்பினம். ஏத்துறதெண்டா ரெண்டாவது ஹெல்மெற் ஒண்டு கொழுவி வச்சிருங்கோ, பின்னால இருக்கிறவரும் போடோணும் எண்டது சட்டம், சட்டத்துக்கு மட்டுமில்லை, உங்களை நம்பி ஏறின ஆள். அந்த அம்மா ஏறேக்க பைக்கைச் சரிச்சுப் பிடியுங்கோ, புகைக்குழாய் சூடு எண்டு சொல்லுங்கோ.

இன்னொண்டு, இதைக் கொஞ்சம் இறுக்கமாவே சொல்லுறன். தனியா ஸ்கூட்டியில போற பொம்பிளைப் பிள்ளைக்கு ஹோன் அடிக்கிறதும், பக்கத்தில சமனா ஓடிக்கொண்டு கதை குடுக்கிறதும் நட்பில்லை, அது கரைச்சல். குடும்பத்தைத் தனியாத் தாங்கிற பொம்பிளையள் கனபேர் இருக்கிற மண் இது, அவை வேலை முடிஞ்சு இருட்டுக்குள்ள வீடு திரும்புறவை. பின்னால போறதெண்டா தூரம் விட்டுப் போங்கோ, முந்துறதெண்டா சிக்னல் போட்டு ஒரேயடியா முந்திப் போயிடுங்கோ. அவையின்ர வண்டி நிண்டு போச்செண்டா நாலடி தள்ளி நிப்பாட்டி, ஹெல்மெற்றைக் கழட்டி முகத்தைக் காட்டி, "அக்கா, ஆருக்கும் கோல் எடுத்துச் சொல்லோணுமோ?" எண்டு கேளுங்கோ. வேண்டாம் எண்டா வேண்டாம்தான்.

முறிகண்டியில எல்லா வாகனமும் நிக்கும், பிள்ளையாருக்குத் தேங்காய் அடிச்சுக் கும்பிட்டுட்டுத்தான் போறது வழமை. தெற்கில இருந்து பெரிய பைக்குகளில கூட்டமா வாற ஆக்களும் அங்க நிண்டு கச்சான் வாங்குவினம், எங்கட பெடியள் போய் பைக்கைச் சுத்திச் சுத்திப் பாப்பினம், பாஷை தெரியாட்டியும் எஞ்சினைக் காட்டிக் கையால கதைச்சுக் கொள்ளுவினம், ஒரு பை கச்சான் கை மாறும். எனக்கு அதைப் பாக்கச் சந்தோசம். ஆரின்ர பைக்கிலயும் கேக்காமல் ஏறி இருக்க வேண்டாம் எண்டு மட்டும் சொல்லி விடுங்கோ.

வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல் வருது. கடல் தண்ணியில விளக்கெரியிற அம்மன், புதுக்குடியிருப்பால, முள்ளியவளையால, ஒட்டுசுட்டானால எல்லாம் இரவிரவா மோட்டச்சைக்கிள் வரும், நடந்து வாற அடியாரும் அதே றோட்டில. தண்ணீர்ப் பந்தல்காரர் மறிச்சா நிண்டு ஒரு வாய் குடியுங்கோ, ஆனா தாரில நிப்பாட்டாமல் கரையில இறக்கி நிப்பாட்டுங்கோ, நடக்கிற ஆக்களைக் கண்டா பெரிய லைற்றைப் பதிச்சு விடுங்கோ. திரும்பி வரேக்க விடியப்புறம் நித்திரை தூக்கும், கரையில ஆரும் பைக்கை விட்டுட்டு இருந்தா பஞ்சரோ நித்திரையோ எண்டு ஒருக்காக் கேட்டுட்டுப் போங்கோ. சீற்றுக்குக் கீழ பிளக் ஸ்பானர் இல்லாதவை அதுக்கு முதல் ஒண்டு வாங்கி வையுங்கோ. வணக்கம்.