பணியாரக் கடைச் சுவத்துல ஒரு கண்ட்ரோல் சார்ட்

வணக்கம் மக்களே! காரைக்குடியில இருந்து பேசுறேன். பின்னாடி கேக்குற சொர்ர்ர் சத்தம் எங்க சின்னம்மா கடை வாணலி. சாயங்காலம் மட்டும்தான் கடை. வெள்ளைப் பணியாரம், தொட்டுக்க மிளகாய்த் துவையல்.

இந்தப் பணியாரத்துல ஒரு வில்லங்கம் இருக்கு. பச்சரிசியை அளந்து, அந்தப் படி மேலேயே உளுந்தைக் கோபுரமாக் குவிச்சு, ஊற வச்சு நைசா அரைச்ச மாவு. ஒரு கரண்டி ஊத்துனா, அது உப்பி மேல வந்து, திருப்பிப் போட்டு எடுக்கிற வரைக்கும் அடுத்த கரண்டி கிடையாது. சட்டிக்கு ஒண்ணுதான்.

முன்னாடி எப்படின்னா, யாராவது "இருபது நிமிஷமா நிக்கிறேன்"னு சத்தம் போட்டா, சின்னம்மா சட்டிகிட்ட நிக்கிற அண்ணனைத் திட்டுவாங்க. அவர் தீயைக் கூட்டுவாரு, பணியாரம் சிவந்துரும். வெள்ளைப் பணியாரம் சிவந்தா யாரு வாங்குவா? மறுநாள் பயந்துபோயி தீயைக் குறைப்பாரு, அன்னைக்கு இன்னும் லேட்டு.

"சின்னம்மா, ஒரு வாரம் யாரையும் திட்டாதீங்க, எழுதிப் பாப்போம்"னு கேட்டேன். காத்திருக்கிற நேரத்தைப் புள்ளியா வச்சு, வழக்கமா எது வரைக்கும் ஏறி இறங்கும்னு மேல ஒரு எல்லைக்கோடு, கீழ ஒரு எல்லைக்கோடு போடுற தாளுக்குப் பேருதான் கண்ட்ரோல் சார்ட்.

தினமும் 10, 20, 30-ஆம் டோக்கன். வாங்குன நேரம், பொட்டலம் கைக்குப் போன நேரம், அவ்வளவுதான் எழுதுனேன். ஏன் எல்லா டோக்கனையும் எழுதலைன்னா, முன்னாடி நிக்கிறவருக்கு லேட்டானா அடுத்தவருக்கும் லேட்டுதான். ரெண்டு எண்ணும் ஒட்டிக்கிட்டே வரும், வித்தியாசம் சின்னதாத் தெரியும், எல்லைக்கோடு பொய்யா நெருங்கிரும். நான் மொதல்ல அந்தத் தப்பைத்தான் பண்ணேன்.

ஏழு நாள்ல 21 புள்ளி. சராசரி 12 நிமிஷம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தோட சராசரி 4. அதை 2.66-ஆல பெருக்குனா 10.64 (2.66-ங்கிறது இந்தச் சார்ட்டுக்குன்னே இருக்கிற மாறாத எண்). சராசரியோட கூட்டுனா மேல் எல்லை 22.64, கழிச்சா கீழ் எல்லை 1.36. உங்க கடையில கீழ் எல்லை மைனஸ்ல வந்தா அந்தக் கோட்டை விட்ருங்க, காத்திருக்கிற நேரம் பூஜ்யத்துக்குக் கீழ போகாது.

இந்தச் சார்ட்டுக்கு மூலம் வால்டர் ஷூஹார்ட். அமெரிக்காவுல டெலிபோன் சாமான் செஞ்ச வெஸ்டர்ன் எலக்ட்ரிக்ல வேலை பாத்தவரு, 1924 மே 16-ஆம் தேதி ஒரு குறிப்புல வரைஞ்சு கொடுத்தாரு. எப்பவும் இருக்கிற ஏத்த இறக்கம் வேற, புதுசா ஏதோ ஒண்ணு நடந்ததால வர்றது வேற. ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறதுதான் கோட்டோட வேலை.

சார்ட்டைப் பாத்து சின்னம்மா வாயே திறக்கலை. அண்ணன் திட்டு வாங்குன 18, 20 நிமிஷமெல்லாம் கோட்டுக்கு உள்ள! ஒத்தைச் சட்டி, ஒத்தைக் கரண்டின்னா அப்படித்தான் வரும், அதுக்கு அவர் என்ன பண்ணுவாரு?

அடுத்த வாரம் ஒரே ஒரு புள்ளி 31-ல போயி நின்னுச்சு. அதுக்குக் காரணம் தேடணும், தேடுனோம். சிலிண்டர் தீந்துபோச்சு, மாத்து சிலிண்டரும் காலி. காலியை நிரப்பாம வச்சது நான்தான், கேமராவைப் பாத்தே ஒத்துக்கிறேன்.

எனக்குப் பிடிச்ச விஷயம் இதுக்கு அப்புறம் வந்தது. எல்லையைத் தாண்டாமலே எட்டுப் புள்ளி வரிசையா சராசரிக்கு மேல. 14, 15, 13, 16ன்னு ஒண்ணும் பெருசா இல்லை, ஒருத்தரும் சத்தம் போடலை. ஆனா எட்டும் ஒரே பக்கம் விழுந்தா சும்மா இருக்காது. அடுப்பைக் கழட்டிப் பாத்தா, பர்னர் ஓட்டையில பாதிக்கு மேல மாவும் எண்ணெயும் சேந்து கருப்பா அடைச்சிருக்கு. தீ குறைஞ்சதை அண்ணனும் கவனிக்கலை, தினம் கொஞ்சம் கொஞ்சமா அடைஞ்சா எப்படித் தெரியும்? ஊக்கை வச்சுக் குத்தி எடுத்தோம். மறுநாளே புள்ளி கீழ இறங்கிருச்சு.

"கோட்டுக்குள்ள இருந்தா நல்லா நடக்குதுன்னு அர்த்தமா?"ன்னு நீங்க கேப்பீங்க. இல்லைங்க. 22 நிமிஷம் நிக்கிறவருக்கு என் கோட்டைப் பத்தி என்ன கவலை? இந்தக் கடை இப்போ இருக்கிற இருப்புல இவ்வளவுதான் முடியும்னு கோடு சொல்லுது. அது போதாதுன்னா இருப்பை மாத்தணும். போன வெள்ளிக்கிழமை ரெண்டாவது அடுப்பு வந்தாச்சு. பழைய கோடு இனி செல்லாது, புள்ளி சேந்ததும் புதுசாப் போடணும்.

ஞாயித்துக்கிழமை ஆத்தங்குடி, கானாடுகாத்தான் சுத்திப் பாத்துட்டு வேன்ல வந்து "நாப்பது பணியாரம்"னு நிப்பாங்க. அவங்களை இந்தச் சார்ட்டுல சேக்கலை, அவங்களுக்குத் தனித்தாள். அதுல இதுவரைக்கும் அஞ்சே புள்ளிதான் இருக்கு... இருங்க, சின்னம்மா கூப்பிடுறாங்க, 20-ஆம் டோக்கன் போயிருச்சாம், நேரம் குறிக்கணும்.