கண் சீட்டு, காது சீட்டு: இதில் இருக்கும் எழுத்தெல்லாம் என்ன?

எல்லோருக்கும் வணக்கம். மேசையில் இரண்டு சீட்டும் இரண்டு சொட்டு மருந்துக் குப்பியும் இருக்கின்றன. ஒரு செட் கண்ணுக்கு, இன்னொன்று காதுக்கு. டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்காதவர்கள் குறைவு. அதனால் இன்றைக்கு இதை வரி வரியாகப் படிக்கப் போகிறோம்.

முதலில் குப்பிகள். கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன், ஃபோகஸ் ஆகட்டும். ம், இப்போது தெரியும். இரண்டும் ஒரே உயரம், இரண்டுக்கும் வெள்ளை மூடி. மருந்தின் பேருக்குக் கீழே பொடி எழுத்தைப் பாருங்கள். இதில் 'ஆப்தால்மிக்', அதில் 'ஓட்டிக்'. ஆப்தால்மிக் கண்ணுக்கு, ஓட்டிக் காதுக்கு. கண்ணில் விடும் மருந்தில் கிருமி இருக்கவே கூடாது, காது மருந்துக்கு எல்லா நேரமும் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் கண் மருந்தைக் காதில் விடச் சொல்லி டாக்டரே சில சமயம் எழுதுவார். காது மருந்தைக் கண்ணில் விடுவது மட்டும் கூடவே கூடாது. தப்பித் தவறி விட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

சரி, சீட்டுக்கு வருவோம். ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். இடது கண், ஓ.யு. இரண்டு கண்ணும். எல்லாம் லத்தீன் சுருக்கங்கள். காதுக்கு முதல் எழுத்து மட்டும் மாறும்: ஏ.டி. வலது காது, ஏ.எஸ். இடது காது, ஏ.யு. இரண்டும். வம்பு எங்கே வருகிறது என்றால், அவசரமாகக் கிறுக்கிய சின்ன 'ஏ' பார்ப்பதற்கு 'ஓ' மாதிரியே இருக்கும். காது மருந்து கண்ணுக்குப் போய்விடும். போதாக்குறைக்கு மாத்திரைச் சீட்டில் ஓ.டி. என்றால் 'ஒரு நாளைக்கு ஒரு வேளை' என்றும் அர்த்தம் உண்டு. மருந்துப் பிழைகளைத் தடுக்க வேலை செய்பவர்கள் இந்தச் சுருக்கங்களை விட்டுவிட்டு 'வலது கண்' என்று முழுதாக எழுதச் சொல்கிறார்கள். என் கட்சியும் அதுதான். சீட்டில் சுருக்கமாக இருந்தால் வாங்கும்போதே வாய்விட்டுக் கேளுங்கள்: கண்ணா காதா, வலதா இடதா, எத்தனை வேளை?

அடுத்தது கண்ணாடிப் பவர். இதோ இந்த வரி: ஸ்பியர் மைனஸ் 2.00, சிலிண்டர் மைனஸ் 0.75, ஆக்சிஸ் 170. இந்த 170-ஐப் பார்த்துப் பயந்து போகிறவர்கள் உண்டு. அது பவரே இல்லை, வெறும் கோணம். 180 டிகிரி வரை எந்த எண்ணும் வரலாம். கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளையாமல், முட்டையைப் படுக்க வைத்தது போல ஒரு பக்கம் அதிகமாக வளைந்திருந்தால் எழுத்து இழுபட்டுத் தெரியும். இதைத்தான் அஸ்டிக்மாடிசம் என்பார்கள். அதைச் சரிசெய்யும் பவர் சிலிண்டர், அதை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்பது ஆக்சிஸ். சிலிண்டர் இல்லாதவருக்கு ஆக்சிஸும் இருக்காது.

ஸ்பியரில், அதாவது கண்ணாடியின் அடிப்படைப் பவரில், ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. மைனஸ் எண்ணால் ஒரு மீட்டரை வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தூரம் வரை தெளிவாகத் தெரியும் என்பது வந்துவிடும். மைனஸ் 2 என்றால் 50 செ.மீ., மைனஸ் 4 என்றால் 25 செ.மீ. அதற்கு அப்பால் மங்கல். இதுதான் கிட்டப்பார்வை, அதாவது மயோபியா. கிட்டே பார்ப்பதில் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். தெரிவது கிட்டத்தில், கோளாறு தூரத்தில். பிளஸ் பவர் என்றால் பெரும்பாலும் தூரப்பார்வை. 'ஆட்' என்று தனியாகப் போட்டிருந்தால் அது வெள்ளெழுத்துக்கு, நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவது.

6/6, 6/12 என்பது பவர் கிடையாது. 1862-இல் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் கொண்டுவந்த அட்டையின் அளவு. சராசரிப் பார்வை உள்ளவர் 12 மீட்டரில் நின்று படிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறீர்கள் என்றால் 6/12. அடியில் அளக்கும் நாடுகளில் 6/6-ஐயே 20/20 என்பார்கள்.

நோய்ப் பெயர்களுக்கு ஒரு குறுக்கு வழி: கடைசியில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி. முன்னால் இருப்பது இடம். பிளெஃபரைட்டிஸ் இமையில், கெரட்டைட்டிஸ் கருவிழியில், கஞ்சங்டிவைட்டிஸ் வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் சவ்வில். காதில் ஓட்டைட்டிஸ். அதிலும் இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். 'எக்ஸ்டர்னா' என்றால் செவிப்பறைக்கு வெளியே, காது மடலை இழுத்தாலே வலிக்கும். 'மீடியா' செவிப்பறைக்குப் பின்னால், பெரும்பாலும் சளியோடு சேர்ந்து வரும். நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் அவர்களுக்குத்தான் இது அதிகம். செவிப்பறை ஓட்டையில்லாமல் இருந்தால் காதில் விடும் ஆன்டிபயாட்டிக் அங்கே போய்ச் சேராது. சொட்டு மருந்து தராமல் சிரப் எழுதினாரே என்று டாக்டரைக் குறை சொல்லாதீர்கள். டின்னிட்டஸ் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. 'ஐட்டிஸ்' போலக் காதில் விழுந்தாலும் அது அழற்சி அல்ல, காதுக்குள் கேட்கும் இரைச்சல்.

கடைசியாக ஆடியோகிராம், காது கேட்கும் திறனின் வரைபடம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. மேலே இருந்தால் நல்லது, கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைகிறது. இடப்பக்கம் கட்டைக் குரல், வலப்பக்கம் கீச்சுக் குரல். வயதானால் கோடு வலப்பக்கம்தான் முதலில் சரியும். 'ஸ', 'ஃப' மாதிரி ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. 'பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை' என்று பெரியவர்கள் சொல்வது சாக்கு இல்லை, அந்தச் சரிவுதான். கீழே 'கண்டக்டிவ்' என்று எழுதியிருந்தால் அழுக்கு அடைப்பு, நீர், செவிப்பறை ஓட்டை என்று ஒலி போகும் வழியில் தடை. 'சென்சரிநியூரல்' என்றால் உள்காதிலோ நரம்பிலோ பிரச்சினை.

இதில் 'சடன்' என்று முன்னால் ஒரு சொல் சேர்ந்திருந்தால் கதை வேறு. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அழுக்காக இருக்கும் என்று ஒரு வாரம் விட்டுவைக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். கண்ணுக்கும் அதே அவசரம்தான்: மின்னல் வெட்டுகிற மாதிரி ஒளி, திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை இறங்குவது போல மறைப்பு. விழித்திரை பிரிகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.